மூன்றாம் சுரத்துக்கு இடம் விடுங்கள்: மெட்டல் பதிவுக்கூடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

உலகெங்கும் மெட்டல் இசைக்குழுக்களைப் பதிவுசெய்து, மிக்ஸ் செய்து (ஒலிகளைக் கலந்து), மாஸ்டர் செய்து (இறுதி வடிவம் கொடுத்து) தரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

ஹெவி மெட்டலில் இனிப் புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது, அரைத்த மாவைத்தானே அரைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் எப்போதும் இசைக்குழுக்களைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நாங்கள் அந்தக் கேள்வியை உங்கள் மேசைக்குக் கொண்டு வருகிறோம். ஒத்திகை அறையில் பிறக்கும் புது யோசனைகளில் பல, நீங்கள் முன்கூட்டியே திறந்து வைத்திருக்கும் டெம்ப்ளேட்டுக்குள், அதாவது எல்லாக் குழுவுக்கும் பொதுவாக வைத்த ஆயத்த ஒலி அமைப்புக்குள், நுழையும்போதே செத்துப்போகின்றன. யாரும் வேண்டுமென்று கொல்வதில்லை. டெம்ப்ளேட் அப்படி அமைந்திருக்கிறது. எந்த இடத்தில், என்ன காரணத்தால் அது நடக்கிறது என்று கணக்கோடு சொல்லவே இந்த மடல்.

இடம் தீர்ந்துபோன திசைகள் உண்டு என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். 1970 பிப்ரவரி 13 அன்று பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டு வந்ததிலிருந்து மெட்டல் மூன்று பக்கமாக ஓடிவந்திருக்கிறது: இன்னும் தாழ, இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக. மூன்றும் சுவரில் முட்டி நிற்கின்றன.

தாழ்வை எடுத்துக்கொள்வோம். அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமி தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்த கதையைச் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் சலித்துவிட்டது. அதில் இங்கே வேண்டியது ஒரே ஒரு விவரம். அழுத்தினால் வலிக்காமல் இருக்க அவர் மெல்லிய கம்பிகளுக்குப் போனார், பிறகு அவற்றைத் தளர்த்தினார். 1971-இல் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருந்தார். அன்றைக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. இன்றைக்கு அதே வழியில் இன்னும் கீழே போனால் என்ன கிடைக்கும்?

கம்பியின் நீளம் 25.5 அங்குலமுள்ள கிட்டாரில் 46 கேஜ் (அங்குலத்தில் ஆயிரத்துக்கு 46 பங்கு தடிமன்) கம்பியை வழக்கமான ஈ சுரத்தில் (82.4 ஹெர்ட்ஸ்) நிறுத்தினால் இழுவிசை சுமார் 17.5 பவுண்டு. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு குறையும். அதே கம்பியை ஏ-க்கு (55 ஹெர்ட்ஸ்) இறக்கினால் 7.8 பவுண்டுதான் மிஞ்சும், பாதிகூட இல்லை. அந்தத் தளர்ச்சியில் ஓங்கி அடித்தால் சுருதி முதலில் மேலே எகிறிவிட்டுப் பிறகுதான் கீழே வந்து அமரும். பழைய விறைப்பு வேண்டுமென்றால் 68 அல்லது 70 கேஜ் போட வேண்டும். எட்டுக் கம்பிக் கிட்டாரில் எஃப்-க்கு (43.65 ஹெர்ட்ஸ்) இறங்குபவர் 27 அங்குல நீளத்தில் 74 கேஜ் போட்டாலும் 14 பவுண்டுச் சொச்சம்தான் வரும். இன்னும் தடித்த கம்பிக்குப் போனால் வேறொரு தொல்லை. கம்பி தடிக்கத் தடிக்க அது கம்பிபோல நடந்துகொள்ளாமல் இரும்புக் கோல்போல நடந்துகொள்ளும். அடிச்சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேலொலிகள் அதன் சரியான மடங்குகளில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விலகிப்போகும், சுருதி மங்கும். ஸ்வீடனின் மெஷுகா குழு 2002-இல் வந்த தன் இசைத்தட்டை ஏழு கம்பிக் கிட்டார்களை மேலும் தளர்த்தி வாசித்துப் பதிவுசெய்தது. 2006-இல் எட்டுக் கம்பிக் கிட்டாரில் கிட்டார்களை மட்டும் மறுபடி பதிவுசெய்து வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நாங்கள் சொல்லும் தளர்ச்சி காதில் விழும்.

இத்தனையும் செய்து இறக்கிய சுரம் கேட்கிறதா என்றால், அதுவும் இல்லை. பல மெட்டல் குழுக்களின் கேபினெட்டுகளில் (ஸ்பீக்கர் பெட்டிகளில்) உட்கார்ந்திருக்கும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு 75 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்குக் கீழே அது வேகமாகத் தளர்ந்துவிடும். போதாததற்கு நீங்களும் கிட்டார் ட்ராக்குகளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறீர்கள். வெட்டாவிட்டால் பேஸ் கிட்டாரும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் நிற்க இடமிருக்காது என்பதால் அது சரியான வேலையே. ஆக, 43 ஹெர்ட்ஸ் சுரத்தின் பெயரில் நாம் கேட்பது 87, 131 ஹெர்ட்ஸ் மேலொலிகளை. அடியைத் தாங்குவது பேஸ். இதற்கும் கீழே போவதில் புதுமை எதுவும் இல்லை. கம்பி விற்பவருக்குத்தான் லாபம்.

வேகத்தின் கணக்கு இதைவிடச் சின்னது. 200 பி.பி.எம். (நிமிடத்துக்கு 200 துடிப்பு) வேகத்தில் டபுள் பேஸில் (இரு கால்களாலும் கிக் அடிப்பது) பதினாறாம் பகுதிச் சுரங்கள், அதாவது துடிப்புக்கு நான்கு அடி, என்றால் விநாடிக்கு 13 அடி, அடிக்கும் அடிக்கும் இடையே 75 மில்லிவிநாடி. 280-இல் 54 மில்லிவிநாடி. கிக் டிரம்மின் தாழ்ந்த முழக்கம் அதற்குள் அடங்காது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதனால்தான் முழக்கத்தை அறுத்துவிட்டு 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ‘டிக்’ ஒலியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். 300-ஐத் தொட்டால் விநாடிக்கு 20 அடி. ஏறக்குறைய அங்கேதான் மனிதக் காது தனித்தனி அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டு ஒரே ரீங்காரமாகக் கேட்கத் தொடங்குகிறது. நேப்பாம் டெத் குழு 1987-இல் ஏறக்குறைய 1.3 விநாடியில் ஒரு முழுப் பாட்டையும் முடித்துக் காட்டியபோதே இந்தப் போட்டியின் வேடிக்கைப் பக்கமும் முடிந்துவிட்டது.

சத்தத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். அது முழுக்க உங்கள் கையில் இருக்கும் சமாசாரம்.

இப்போது டெம்ப்ளேட். பீவி நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த 5150 வகை ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி). அதற்கு முன்னால் பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமர் பெடல், டிரைவ் சுழியில், லெவல் முழுதாக, டோன் நடுவில். பின்னால் நான்கு விண்டேஜ் 30 வைத்த கேபினெட், அதன் முகத்தில் ஒரு எஸ்.எம். 57 மைக். இடப்பக்கம் இரண்டு டேக் (வாசித்த பதிவு), வலப்பக்கம் இரண்டு டேக். இன்று இது பெட்டிகளாகக்கூட இல்லை, கணினிக்குள் ஓடும் பிளக்-இன்னாக வருகிறது. இது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. ட்யூப் ஸ்க்ரீமர் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்து அனுப்புவதால், தாழ்ந்த கம்பியின் கொழகொழப்பு ஆம்புக்குள் போய்க் குழம்பாது. உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) கல்லில் வெட்டியதுபோல் நிற்கும். குறை சொல்ல ஒன்றுமில்லாத அமைப்பு, ஒரே ஒரு வேலைக்கு: ஆதார சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் கொண்ட பவர் கார்டை அமுக்கி வேகமாக அடிக்கும் ரிஃபுக்கு. கிட்டார் வாசிப்பவர் இப்போது முதல் நாளிலிருந்தே அந்தப் பிளக்-இன்னைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ரிஃப் எழுதுகிறார். மற்ற சுரங்கள் அதில் கேட்கச் சகிக்காது என்பதால் அவற்றை அவர் எழுதுவதே இல்லை. ரிஃபை எழுதுவது ப்ரீசெட் (முன்பே சேமித்து வைத்த ஒலி அமைப்பு) என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

ஏன் சகிக்காது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். திறக்கப்படாத பெரிய அறை இங்கேதான் இருக்கிறது.

டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப் ஒலியைக் கரகரப்பாகச் சிதைப்பது, இரண்டு சுரங்களை வாங்கி இரண்டாகவே திருப்பித் தராது. அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சுரங்களைப் பெற்றுப்போடும். டி-யும் ஏ-யும் சேர்ந்த பவர் கார்டில் பிறக்கும் புதுச் சுரங்கள் மறுபடியும் ஒரே தாழ்ந்த டி-யின் மடங்குகளிலேயே விழுகின்றன. அதனால்தான் பவர் கார்ட் கனமாகக் கேட்கிறது. மூன்றாம் சுரமான எஃப் ஷார்ப்பைச் சேர்த்தால் கதை மாறும். டி 146.83 ஹெர்ட்ஸ். வழக்கமான டியூனிங்கில் எஃப் ஷார்ப் 185 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷனில் பலமாகப் பிறக்கும் சுரங்களில் ஒன்று, முதலாவதின் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது: 293.66 கழித்தல் 185, அதாவது 108.66 ஹெர்ட்ஸ். கீழே உண்மையிலேயே வாசிக்கப்படும் ஏ 110 ஹெர்ட்ஸில் நிற்கிறது. பிறந்த பிள்ளைக்கும் வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் ஒட்டவில்லை. விநாடிக்கு ஒன்றரைத் தடவைக்குக் கொஞ்சம் குறைவாக அலையடிக்கும். மேலே, டி-யின் ஐந்தாம் மேலொலி 734 ஹெர்ட்ஸ், எஃப் ஷார்ப்பின் நான்காம் மேலொலி 740 ஹெர்ட்ஸ். அங்கே விநாடிக்கு ஆறு அலை. இந்த நடுக்கத்தைத்தான் “மேஜர் கார்ட் மெட்டலுக்கு ஒத்துவராது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஒத்துவராதது மூன்றாம் சுரம் இல்லை, பியானோவுக்காகச் சமமாகப் பங்கிட்ட அந்த அளவு. தம்பூராவை மீட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால், யாரும் வாசிக்காமலேயே ஒரு அந்தர காந்தாரம் கேட்குமே, அந்தக் காந்தாரம் கிட்டாரின் காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுரத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு கீழே இருக்கிறது. அந்த இடத்தில் வைத்தால் எஃப் ஷார்ப் 183.54 ஹெர்ட்ஸ். கழித்துப் பாருங்கள்: 110.12. டி-யின் சுத்தமான ஐந்தாம் சுரம் அச்சாக அதேதான். டிஸ்டார்ஷன் பெற்ற சுரம் வாசித்த சுரத்தின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. நடுக்கம் நின்றுவிடும். பவர் கார்டின் கனத்தோடு ஒரு முழு மேஜர் கார்ட், அதுவும் கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) ஏற்றி வைத்த நிலையில்.

இதைச் செய்ய விசேஷக் கிட்டார் எதுவும் வேண்டாம். ஆறு கம்பியைத் தாழ்விலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று திறந்த டியூனிங்கில் வையுங்கள். டியூனரில் எஃப் ஷார்ப் கம்பியை 14 சென்ட் (ஓர் அரைச்சுரத்துக்கு நூறு சென்ட்) கீழே, இரண்டு ஏ கம்பிகளையும் 2 சென்ட் மேலே நிறுத்துங்கள். ஒரே விரலைக் குறுக்கே கிடத்தினால் எந்த ஃப்ரெட்டிலும் சுத்தமான மேஜர் கார்ட் வரும். மூன்றாம் கம்பி ஜி-யிலிருந்து இறங்குவதால் 17 கேஜ் தொளதொளக்கும். 18 அல்லது சுற்றிய 20 போடுங்கள். சுற்றாத கம்பியை இறுக்கிப் பிடித்தாலே 10 சென்ட் எகிறிவிடும் என்பதால் விரல் மெதுவாகப் பட வேண்டும், உயரமான ஃப்ரெட் கம்பி உள்ள கிட்டாரில் இன்னும் மெதுவாக. மைனர் கார்ட் வேண்டும் இடத்தில் இந்தக் கம்பியைத் தொடாமல் இருப்பதே மேல். அங்கே சுத்தமான சுரம் 16 சென்ட் மேலே இருக்க வேண்டும், இந்தக் கம்பியோ 14 கீழே கிடக்கிறது, 30 சென்ட் இடைவெளியை விரல் வளைத்து ஈடுகட்டுவது வேகப் பாட்டில் நடக்காது.

இதில் உங்கள் பங்கு எங்கே வருகிறது? வாசிப்பவர் இதையெல்லாம் செய்துகொண்டு வந்து நிற்பார். எடிட்டிங்கில் உட்காரும் உதவியாளர் டியூனரைப் பார்த்து “மூன்றாம் கம்பி இறங்கியிருக்கிறது” என்று சரிசெய்துவிடுவார். அல்லது டேக்குகளுக்கு நடுவே கிட்டாரை வாங்கி எல்லாக் கம்பியையும் பூஜ்ஜியத்தில் வைத்துக் கொடுத்துவிடுவார். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘-14, தொடாதே’ என்று ஒரு வரி எழுதி ஒட்டி வையுங்கள். மேலே கீபோர்டு அடுக்கு இருந்தால் அதன் எஃப் ஷார்ப்பையும் அதே 14 சென்ட் இறக்குங்கள், இல்லாவிட்டால் துரத்திவிட்ட நடுக்கம் அந்த வழியாக மறுபடி உள்ளே வந்துவிடும்.

இந்தத் திசையில் ஆள் நடமாட்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து ஒரே ஆளாக இயங்கும் ஜூட் கைட், கால் சுரக் கிட்டாரில் பிளாக் மெட்டல் வாசித்துப் பல இசைத்தட்டுகள் போட்டாயிற்று. ஆனால் அது சுத்தத்தைத் தேடும் வேலை இல்லை, உரசலைத் தேடும் வேலை. இரண்டுக்கும் இடையே இருக்கும் வெளி பெரியது. ஏழாவது மேலொலியில் நிற்கும் சுரம், அதாவது வழக்கமான மைனர் ஏழாம் சுரத்துக்கு 31 சென்ட் கீழே, டிஸ்டார்ஷனில் என்ன செய்யும் என்பதை ஒரு மாலைப் பொழுதில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

அடர்த்தியான கார்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியூபெக்கின் கோர்கட்ஸ் 1998-இல் போட்ட இசைத்தட்டுக்குப் பிறகு, பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை மோதவிடும் டெத் மெட்டல் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டது. இந்த வகைக் குழு வந்தால் டெம்ப்ளேட்டின் கெயினைப் பாதியாகக் குறையுங்கள். குறைத்த கெயினால் தேயும் நீட்டத்தை ஆம்புக்கு முன்னால் ஒரு கம்ப்ரெஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கருவி) வைத்து ஈடுகட்டலாம். அதுவும் போதாவிட்டால் கார்டைப் பிரித்து, கீழ் இரண்டு கம்பியை ஒரு டேக்காகவும் மேல் மூன்று கம்பியை வேறொரு டேக்காகவும் பதிவுசெய்து, தனித்தனி டிஸ்டார்ஷன் வழியாக அனுப்புங்கள். ஒன்றின் சுரம் மற்றொன்றோடு கூடாது, கழியாது. ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும். விலையும் உண்டு: ஒரே ஆம்பில் எல்லாம் சேர்ந்து உறுமும் அந்த மிருகம் போய்விடும். பாட்டின் எந்தப் பகுதிக்கு எது என்று முடிவுசெய்வது இசைக்குழுவின் வேலை. அப்படி ஒரு தேர்வு இருக்கிறது என்று அவர்களிடம் சொல்வது உங்கள் வேலை.

அடுத்தது காலம். கிளிக்கை (சீரான தாளத் தட்டலை) போட்டு, டிரம்மரை வாசிக்கவிட்டு, பிறகு ஒவ்வோர் அடியையும் கிரிட்டின் (கணினித் திரையில் சம இடைவெளியில் நிற்கும் காலக் கட்டங்களின்) கோட்டில் கொண்டுபோய் ஒட்டுவது இப்போது கேள்வியே இல்லாத பழக்கம். கிரிட் தன்னளவில் எதிரி இல்லை. மெஷுகா 2005-இல் டிரம்ஸை முழுக்க முழுக்கக் கணினியில் நிரல்செய்தே ஓர் இசைத்தட்டு போட்டது, அது அவர்கள் போட்டவற்றிலேயே துணிச்சலானவற்றில் ஒன்று. அவர்கள் கணக்கு கிரிட்டில் உட்காரும் கணக்கு. உதாரணத்துக்கு, 23 பதினாறாம் பகுதி நீளமுள்ள ஒரு கிட்டார்த் துண்டை ஐந்து தடவை சுற்றினால் 115. அதோடு 13 பகுதி கொண்ட ஒரு துண்டு வால் சேர்த்தால் 128. சிம்பலும் ஸ்னேர் டிரம்மும் நான்கு எண்ணிக்கையில் எட்டு பார் (தாளச் சுற்று) முடித்துக்கொண்டு வந்து அதே இடத்தில் சேரும். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை சமத்துக்கு வந்து விழுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புரியாத வித்தையே இல்லை. கொன்னக்கோலில் நடை மாற்றுவது இதற்கும் அடுத்த படி: அங்கே எண்ணிக்கை மட்டுமில்லாமல் துடிப்பின் உட்பிரிவே நான்கிலிருந்து ஐந்துக்கும் ஏழுக்கும் போகும். ஒரே டெம்போவில் கண்ட (ஐந்து) நடையில் ஒரு ரிஃப், அதிலிருந்து திசுர (மூன்று) நடைக்கு ஒரு திருப்பம் என்று முழு இசைத்தட்டையும் கட்டுவதற்கு மெட்டலில் இன்னும் ஏராளமாக இடம் கிடக்கிறது.

கிரிட்டில் உட்காராதது வேறு: மூச்சு. நியூயார்க்கின் லிடர்ஜி குழு, கிக்கும் ஸ்னேரும் மிக வேகமாக விழும் பிளாஸ்ட் பீட்டை ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏறியும் இறங்கியும் துடிக்கும் ஒரு அடியாக மாற்றி அதற்கு ‘பர்ஸ்ட் பீட்’ என்று பெயர் வைத்தது. அதைக் கிரிட்டில் ஒட்டினால் வெறும் பிளாஸ்ட் பீட்தான் மிஞ்சும், யோசனை போய்விடும். இப்படிப்பட்ட டிரம்மர் வந்தால் செய்ய வேண்டியதை நாங்கள் சொல்கிறோம். டிரம்மரையும் ஒரு கிட்டார்காரரையும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி உட்கார வையுங்கள். கிட்டார் நேராக மேசைக்கு வந்து ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கட்டும், இல்லாவிட்டால் டிரம் மைக்குகளில் ஒழுகும். பாட்டை முழுதாக மூன்று தடவை எடுங்கள். மூன்றில் ஒன்றை முழுதாகத் தேர்ந்தெடுங்கள், பார் பாராக வெட்டி ஒட்டாதீர்கள். தேர்ந்தெடுத்த டேக்கில் ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் ஒரு குறி வைத்து, அதிலிருந்து டெம்போ வரைபடத்தை உருவாக்குங்கள். இப்போது கிரிட் டிரம்மருக்குப் பின்னால் நடக்கும். டிலேயின் நேரமும் சின்தசைசரும் பிறகு வாசிக்கும் கிட்டார்களும் அந்த வரைபடத்தைப் பின்பற்றிக்கொள்ளும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. பிறகு வந்து வாசிக்கும் பேஸ்காரருக்கு வேகம் எங்கே ஏறப்போகிறது என்று தெரியாது. வழிகாட்டிக் கிட்டாரை அவர் காதில் சத்தமாகக் கொடுங்கள். மற்றது, தப்பிய அடிகளைச் சரிசெய்வது. சாதாரண இடங்களில் 20 மில்லிவிநாடிக்கு மேல் விலகியதை மட்டும் நகர்த்தினால் போதும். 200 வேக டபுள் பேஸில் 20 என்பதே இடைவெளியில் கால் பங்குக்கு மேல், அங்கே 10-ஐ எல்லையாக வையுங்கள். கிக்கை மட்டும் தனியாக நகர்த்தாதீர்கள். சிம்பலுக்கு மேலே தொங்கும் மைக்குகளில் அதன் நிழல் பழைய இடத்திலேயே இருக்கும், ஓர் அடி இரண்டாகக் கேட்கும். நகர்த்தினால் எல்லா டிரம் ட்ராக்குகளையும் ஒன்றாக நகர்த்துங்கள்.

சாம்பிள் (முன்பே பதிந்து வைத்த டிரம் ஒலி) விஷயத்திலும் இப்படித்தான். பிளாஸ்ட் பீட்டில் டிரம்மர் கையை உயரமாகத் தூக்க முடியாது, ஸ்னேர் மெலிந்துதான் கேட்கும். அதற்காக ஒவ்வோர் அடிக்கும் ஒரே சாம்பிளை முழுப் பலத்தில் வைத்தால் தையல் மெஷின் ஓடும். அந்த இடங்களில் மட்டும் ஸ்னேரின் அடிப்பக்க மைக்கை 3 டெசிபெல் ஏற்றுங்கள். சாம்பிள் வேண்டுமென்றால் உண்மை அடிக்கு 10 டெசிபெல் கீழே, அடியின் பலத்தைப் பின்பற்றும்படி வையுங்கள். 2019-இல் டாடாபாட்ஸ் என்ற இருவர், கனடாவின் ஆர்க்ஸ்பயர் குழுவின் பதிவுகளை ஒரு நரம்பியல் வலைக்கு ஊட்டி, முடிவில்லாமல் டெத் மெட்டலைச் சுரக்கும் ஒரு யூடியூப் ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஆர்க்ஸ்பயர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அந்த வேகத்தை மனிதக் கைகளால் வாசிப்பவர்கள் அவர்கள். ஆனால் எல்லா அடியும் ஒரே பலம், எல்லா இடைவெளியும் ஒரே நீளம் என்று நாமே தீட்டி வைத்தால், அதைப் போலச் செய்வது இயந்திரத்துக்கு எவ்வளவு சுலபம் என்று யோசியுங்கள்.

இனிச் சத்தம். 2008-இல் மெட்டாலிகாவின் இசைத்தட்டு, சத்தத்தைக் கூட்டியதில் ஏற்ற இறக்கம் நசுங்கிப்போய் வந்ததும், அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ விளையாட்டில் நசுங்காமல் இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்ததும் ஊரறிந்த சண்டை. அதிலிருந்து யாரும் பெரிதாகக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் -6 எல்.யூ.எஃப்.எஸ். (சராசரிச் சத்தத்தின் அளவு; சுழியை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) அளவில் மெட்டல் மாஸ்டர் போகிறது. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் -14-க்குக் கொண்டுவந்துவிடும். -6-இல் போன பாட்டை அது 8 டெசிபெல் இறக்கும். உச்சம் சுழியில் இருந்த ஸ்னேர் -8-இல் நிற்கும். அதே பாட்டை -11-இல் அனுப்பியிருந்தால் 3 டெசிபெல்தான் இறங்கும், ஸ்னேரின் உச்சம் -3-இல் இருக்கும். சராசரிச் சத்தம் இரண்டுக்கும் ஒன்றே. ஸ்னேர் மட்டும் 5 டெசிபெல் ஓங்கி அடிக்கும். சத்தத்துக்காகவே நசுக்குகிறீர்கள், நசுக்கியதாலேயே அடி தோற்கிறது.

இதை ஒரு தொழில்நுட்பப் புகாராக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ப்ளட் இன்கன்டேஷன் குழு பெர்லினின் ஹான்சா பதிவுக்கூடத்தில் செய்து 2024-இல் வெளியிட்ட இசைத்தட்டில் ஏறக்குறைய இருபது நிமிடப் பாட்டுகள் இரண்டே இரண்டு. டெத் மெட்டலிலிருந்து, ஜெர்மனியின் மின்னணு இசைக்குழுவான டேஞ்சரின் ட்ரீம் பாணிச் சின்தசைசர் வெளிக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது, டேஞ்சரின் ட்ரீமின் உறுப்பினர் ஒருவரே வந்து வாசித்தும் இருக்கிறார். இறங்கும் இடம் உண்மையிலேயே இறங்கினால்தான் ஏறும் இடம் அடிக்கும். எல்லாம் -6-இல் சமமாகிவிட்டால் பாட்டின் உருவத்தில் செய்யக்கூடிய எந்தப் புதுமையும் காதுக்கு வராது.

புது வாத்தியங்களோடு வருபவர்களுக்கு நேர்வதைத்தான் நாங்கள் அதிகமாகக் கண்டு வருந்துகிறோம். மங்கோலியாவின் தி ஹு குழுவின் முதல் இசைத்தட்டு 2019-இல் மோரின் கூர் பிடிலோடு வந்தது. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா, சமஸ்கிருத ஓதலை டெத் மெட்டலில் சேர்த்தது. டெல்லியின் ப்ளடிவுட் டோல் மேளத்தைக் கொண்டுவந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் பாட்டனிஸ்ட் கிட்டாரையே தூக்கிப்போட்டுவிட்டு, சுத்தியால் தட்டும் சந்தூர் இனத்து டல்சிமரில் பிளாக் மெட்டல் செய்கிறது. இவர்களைப் பார்த்து உற்சாகப்பட்டு வரும் சின்னக் குழுக்களின் பதிவுகளில் வழக்கமாக நடப்பது இது: முன்னுரையில் இருபது விநாடி வாத்தியம் தனியாக அழகாகக் கேட்கும், பிறகு நான்கு கிட்டார் ட்ராக் உள்ளே வந்ததும் காணாமல் போகும். காரணம் இடநெருக்கடி. பிடில் வகை வாத்தியத்தின் உடல் 200 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது, டிஸ்டார்ஷன் கிட்டாரும் அங்கேதான் குடியிருக்கிறது. வாத்தியத்தின் சத்தத்தை ஏற்றுவதால் பயனில்லை. கிட்டார் நான்கை இரண்டாக்குங்கள், அந்த இரண்டிலும் 350 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் 4 டெசிபெல் குறையுங்கள். டோல் போன்ற வாத்தியத்தில் தடித்த பக்கமும் கிக்கும் ஒரே அடிமட்டத்துக்குச் சண்டைபோடும். டோல் வரும் பகுதிகளில் கிக்கின் அடியை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அதன் ‘டிக்’கை மட்டும் விடுங்கள், முழக்கத்தை டோல் பார்த்துக்கொள்ளும். டல்சிமர் வகையில் பிரச்சினை வேறு. கம்பிகளை அடக்க அதில் பொதுவாக ஏற்பாடு கிடையாது; முன்னால் தட்டியது அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். மொத்தமாக டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் சேறாகும், கேட் (தாழ்ந்த ஒலியை அடைத்துவிடும் கருவி) வைத்தால் வால் துண்டு துண்டாகும். ஒலியை மூன்று பட்டையாகப் பிரித்து, நடுப்பட்டையை மட்டும் டிஸ்டார்ஷனில் விட்டுவிட்டு, மேலும் கீழும் சுத்தமாக வைத்துக் கலந்தால் தாக்குப்பிடிக்கும்.

“அவர்கள்தானே வந்து இன்ன குழு மாதிரி வேண்டும் என்று கேட்கிறார்கள்” என்பீர்கள். உண்மை. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பாட்டுக்கு ஒரு நாள்தான் மிக்ஸ் நேரம் என்பதும் உண்மை. டிரம்ஸுக்குத் தோல் மாற்றிச் சுருதி சேர்க்கவே அரை நாள் போய்விடும், சாம்பிள் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் ஸ்டாக்ஹோமின் சன்லைட் பதிவுக்கூடத்தில், 1990-இல் வெளிவந்த என்டூம்ட் குழுவின் முதல் இசைத்தட்டு உருவானபோது கையில் இருந்தது பாஸ் நிறுவனத்தின் எச்.எம்.2 என்ற மலிவு பெடல். அதன் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருகி வைத்தார்கள். எந்தக் கையேடும் அப்படிச் செய்யச் சொல்லாது. அந்தக் கூடத்தை நடத்திய தோமஸ் ஸ்கோக்ஸ்பெரி அதைக் கேட்டுவிட்டு, குமிழ்களைக் குறைக்கச் சொல்லாமல் பதிவுசெய்தார். ரம்பம் அறுப்பதுபோன்ற அந்த ஒலியிலிருந்து ஒரு நாட்டின் டெத் மெட்டலே கிளைத்தது. (அந்த ஒலியும் இன்று ஒரு ப்ரீசெட்தான். பாஸ் 2020-இல் பெடலை மறுபடி கொண்டுவந்துவிட்டது.)

ஆகவே முழு இசைத்தட்டையும் மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பத்துப் பாட்டில் ஒன்றை மட்டும் டெம்ப்ளேட் இல்லாமல் வெற்றுப் பக்கத்தில் தொடங்குங்கள். எந்தப் பாட்டு என்பதைக் குழு சொல்லட்டும். தொடங்கும் முன் அவர்கள் ஒத்திகையில் கைபேசியில் எடுத்த மோசமான பதிவை வாங்கி ஒரு தடவை கேளுங்கள். அதில் எது உங்களை நிமிர்ந்து உட்கார வைக்கிறதோ அதைக் குறித்துவைத்துக்கொண்டு, மிக்ஸ் முடிந்ததும் அது இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் போட்ட பிளக்-இன்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைக்கும்போது திரும்பி வருகிறது என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
மெட்டல் வாசிப்பவர்களும் கேட்பவர்களுமாகச் சிலர்

பி.கு.: மேலே சொன்ன 14 சென்ட் டியூனிங்கைச் செய்யும்போது கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் சேடிலைத் தொட வேண்டாம். திறந்த கம்பிக்கும் 12-ஆம் ஃப்ரெட்டுக்கும் ஒரே -14 காட்டும்படி சேடில் முன்னமே சரியாக இருக்க வேண்டும், இறக்குவதைத் திருகாணியில் மட்டும் செய்ய வேண்டும். புதுக் கம்பி மாட்டிய அன்றே பதிவுக்குப் போகாதீர்கள். நன்றாக இழுத்துவிட்டு ஓர் இரவு கிடந்த கம்பிதான் 14-இல் நிற்கும். அறையின் குளிர்சாதனத்தை டேக்குகளுக்கு நடுவே அணைத்துப் போட்டால் அதுவும் நிற்காது.